கூடத்தை உடைக்க வேண்டாம், குழாயைச் சந்துக்குக் கொண்டுவாருங்கள்

கீழக்கரைக்குக் கிழக்கே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே, நோட்டுத் தாளில் கையால் வரைந்த வீட்டுப் படம் ஒன்றும் இருக்கிறது. தையல் நாடாவால் அளந்ததாம். திசை, அளவு, கதவு திறக்கும் பக்கம் எல்லாம் குறித்திருக்கிறார். நான் பார்த்த சில ஒப்பந்ததாரர்களின் வரைபடங்களைவிட இது தெளிவாக இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் எழுதியதன் சுருக்கம் இது. வீடு 1986இல் தந்தை கட்டியது. பிறகு அக்காவுக்கும் இவருக்கும் பாகமானது. கிழக்குப் பாதி அக்காவுக்கு, மேற்குப் பாதி இவருக்கு. செப்டிக் டேங்க் அக்காவின் கொல்லையில் இருக்கிறது. இவருடைய நடுக் குளியலறையின் கழிவுக்குழாய் கூடத்தின் கான்கிரீட் தரைக்கு அடியில் ஓடி, அக்காவின் சமையலறைக்கும் அடியில் புகுந்து, அந்தத் தொட்டியைச் சேர்கிறது. மொத்தம் 38 அடி. இரண்டு ஆண்டுகளாக நடுக் கழிவறையில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. கூடத்தில் ஒரு மூலையில் மொசைக் உள்வாங்கிவிட்டது, தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் கேட்கிறது. கரப்பான் தொல்லையும் வாடையும் ஓயவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரு வீட்டுக் கழிவறைகளும் குமிழியிட்டு எதிர்த்து வருகின்றன. தொட்டியிலிருந்து 25 அடியில் இருக்கும் பொதுக் கிணற்றுத் தண்ணீரில் இப்போது ஒரு மாதிரியான நெடி. 72 வயது தாய்க்கு முழங்கால் வலி, அவர் பயன்படுத்துவதும் இந்த நடுக் குளியலறையைத்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் மாசியில் ஒரு மாத விடுப்பில் வருகிறார், அந்த விடுப்புக்குள் வேலை முடிய வேண்டும்.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கூடத்தை நெடுக உடைத்துப் புதுக்குழாய் போடலாம் என்கிறார் கொத்தனார். ஆசிட் ஊற்றினால் போதும் என்கிறார் பிளம்பர். தெருவில் ஓடும் வாறுகாலில் இணைத்துவிடுங்கள், கடலுக்குத்தானே போகிறது என்கிறார் ஒப்பந்ததாரர். தரையை உடைக்காமல் குழாய்க்கு உள்ளேயே புது உறை போடும் முறை இருப்பதாக அமெரிக்காவிலிருந்து மருமகன் சொல்கிறார். அக்கா சொல்வது ஒன்றே ஒன்று: "என் சமையலறையைத் தொடாதே." இதில் எதைக் கேட்பது, கான்கிரீட்டை உடைத்தால் வீடு பலவீனமாகுமா, அக்காவுக்கு மறுக்க உரிமை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு நோய் அல்ல, இரண்டு நோய்கள் இருக்கின்றன. அத்தனை பேரும் ஒன்றுக்குத்தான் மருந்து சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நோய் குழாயுடையது. அந்தக் காலத்தில் தரைக்கு அடியில் போட்டவை பெரும்பாலும் பீங்கான் பூச்சுள்ள சுட்டமண் குழாய்கள், கொத்தனார்கள் ஸ்டோன்வேர் என்பார்கள். இரண்டடித் துண்டுகளாகப் பார்த்தால் 38 அடிக்கு 18 மூட்டுகள். குழாய் நூறாண்டுகூடத் தாங்கும், மூட்டில் வைத்த சிமெண்ட் தாங்காது. மூட்டு விட்டதும் கழிவுநீர் வெளியே கசிகிறது, வீட்டடி மணல் குழாய்க்குள் இறங்குகிறது. ஒவ்வொரு வாளித் தண்ணீரோடும் கொஞ்சம் மணல் போய், கான்கிரீட்டுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. நீங்கள் கேட்ட பானைச் சத்தம் அதுதான். நடுக் கழிவறை ஆண்டு முழுவதும் மந்தமாக இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நோய் மழைக்காலத்தில் மட்டும் வருகிறது, இரண்டு வீடுகளுக்கும் சேர்ந்து வருகிறது. குழாய் உடைந்திருந்தால் அது உங்கள் பக்கத்தை மட்டும்தான் பாதிக்கும், அக்காவின் கழிவறை ஏன் குமிழியிட வேண்டும்? உங்கள் மணல் பூமியில் வடகிழக்குப் பருவமழை நின்று பெய்தால் நிலத்தடி நீர் ஏறிவந்துவிடும். கார்த்திகையில் கிணற்றில் நான்கடியில் தண்ணீர் நிற்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொட்டியின் நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய உறிஞ்சுகுழி அப்போது நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? கூடத்தை உடைத்துத் தங்கக் குழாயே போட்டாலும் அடுத்த ஐப்பசியில் இது திரும்பவும் வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அக்கா கொல்லையில் தொட்டிக்கு முன்னுள்ள சேம்பரின், அதாவது குழாய் வந்து சேரும் சிறு ஆய்வுக்குழியின், மூடியைத் திறந்துவைத்து, நடுக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நீலத்தண்ணீர் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வருகிறது, கூடவே மணல் வருகிறதா என்று பாருங்கள். ஊற்றியதில் பாதிகூட வராவிட்டால் மீதி உங்கள் கூடத்தின் அடியில் நிற்கிறது என்று பொருள். மதுரை போன்ற நகரங்களில் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் கிடைக்கலாம், ஆனால் இந்த அளவு அறிகுறிகளுக்குப் பிறகு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

கிணற்றை முதலில் கவனியுங்கள்

குழாய் வேலை மாசி வரை காத்திருக்கலாம். கிணறு காத்திருக்க முடியாது. தொட்டிக்கு "அடித்தளம் போடவில்லை, அதனால்தான் இத்தனை வருடமாக நிரம்பவே இல்லை" என்று அப்பா பெருமையாகச் சொல்வார் என எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையில் பலர் அப்படிக் கட்டினார்கள், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிரம்பாத தொட்டி என்றால் அத்தனையும் மணலுக்குள் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 2470, கழிவுநீரை நிலத்தில் உறிஞ்சவிடும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி வேண்டும் என்கிறது. உங்களுடையது 25 அடி. இன்றிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, பல் துலக்கவோ, பாத்திரம் கழுவவோ பயன்படுத்தாதீர்கள், அக்கா வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். இராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிருமிச் சோதனைக்கு மாதிரி கொடுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கரிக்கவில்லை என்பதெல்லாம் கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கான்கிரீட்டை உடைத்தால் வீடு ஆடுமா?

ஆடாது. உங்கள் வீடு சுவர்மேல் நிற்கிறது, சுவர் அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. கூடத்துத் தரைக் கான்கிரீட் மணல் நிரப்பின்மேல் விரித்த பாய் மாதிரி, வீட்டின் பாரம் அதன்மேல் இல்லை. ஒன்றரை அடி அகலத்தில் அதை வெட்டுவதால் எதுவும் நேராது.

பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். சுவரை ஒட்டியே, அஸ்திவாரத்துக்கும் கீழே ஆழமாகத் தோண்டினால், ஈரமணல் சரிந்து அஸ்திவாரத்தின் அடியிலிருந்து மண் நழுவும். கடற்கரை மணலில் இது கண்ணெதிரே நடக்கும், நான் ஒருமுறை பார்த்துவிட்டு இரவு முழுவதும் தூங்கவில்லை. பேஸ்மட்டத்தின்மேல் கான்கிரீட் பெல்ட் (சுவர் நெடுக ஓடும் கம்பி வைத்த பட்டை) இருந்தால் அதன் கம்பியை யாரும் அறுக்கக் கூடாது, குழாய் அதற்குக் கீழே கட்டுமானத்தைத் துளைத்துப் போக வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். வெட்டிய இடத்தை மூடப் போடும் கான்கிரீட்டுக்குக் கிணற்று உப்புத்தண்ணீரையே மொண்டு ஊற்றுவார்கள். ஐ.எஸ். 456 விதிப்படி, கலவை நீரில் குளோரைடு கம்பியில்லாக் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை போகலாம், கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு 500தான். தரைக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். சேம்பர் மூடிக்கும் தொட்டி மூடிக்கும் கம்பி வைக்கிறோம், அதற்கு லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வாங்குங்கள். ஐந்தே ஆண்டில் கம்பி ஊதி, மூடி பிளந்து, பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அது உடைவதைவிட இரண்டு டிரம் தண்ணீர் மலிவு.

நான் சொல்லும் வழி

உங்கள் படத்தில் எனக்குப் பிடித்தது மேற்குப் பக்கத்துச் சந்து. மூன்றரை அடி அகலம், உங்கள் பாகத்துக்கே சொந்தம், நடுக் குளியலறைக்கும் அதற்கும் இடையே 8 அடி அகல ஸ்டோர் ரூம் மட்டும்தான். கிழக்கே 38 அடி போகும் குழாயை மேற்கே 8 அடியில் வெளியே கொண்டுவந்துவிடலாம். கூடம் தப்பியது, அக்காவின் சமையலறையும் தப்பியது.

உங்கள் தந்தை வீட்டின் தரையைச் சந்தைவிட இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார். இதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கழிவறைக் கோப்பைக்குக் கீழே டிராப்புக்கு (வாடை ஏறாமல் தண்ணீர் நிற்கும் வளைவுக்கு) ஒன்றேகால் அடி போனாலும், குழாய் சந்தின் தரைக்கு ஓரடிக்கு மேலேயே சுவரைவிட்டு வெளியே வரும். அங்கிருந்து சுவரோரமாக, செங்கல் தாங்கிகளின்மேல், வாசல் பக்கம் 35 அடி. ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால் மொத்த இறக்கம் எட்டரை அங்குலம்தான். அதாவது புதுக் குழாய் முழுவதும் தரைக்கு மேலே, கண்ணில் படும்படி ஓடும். ஒழுகினால் அன்றைக்கே தெரியும். அடைத்தால் மூடியைத் திறந்து கம்பி விடலாம். 1986இல் போட்டதை இத்தனை ஆண்டுகள் யாரும் பார்க்க முடியாமல் போனதால்தானே இவ்வளவும்?

சரிவு விஷயத்தில் கொத்தனார் "கூடுதலாக வைத்தால் வேகமாகப் போகும்" என்பார். தண்ணீர் வேகமாகப் போய்விடும், கெட்டியானது பின்தங்கி நிற்கும். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று முதல் அறுபதுக்கு ஒன்று வரை போதும். அதேபோல ஆறு அங்குலக் குழாய் கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். ஒரு வீட்டுத் தண்ணீர் அதில் அகலமாகப் பரவி, கழிவைத் தள்ளும் ஆழம் இல்லாமல் போகும். 110 மில்லிமீட்டர் சரியான அளவு.

இனி ஸ்டோர் ரூம். மேற்கத்தியக் கோப்பை வைத்தால் அதன் வாய் தரைக்கு ஏழு அங்குலம் மேலே சுவர்வழியாகவே போகும், ஒரு சல்லிக் கான்கிரீட்டையும் உடைக்க வேண்டாம். முழங்கால் வலிக்காரத் தாய்க்கும் அதுதான் நல்லது. ஆனால் குளிக்கும் தண்ணீர் தரையில் அல்லவா விழுகிறது? அதையும் உடைக்காமல் வெளியேற்ற வேண்டுமானால் குளியலறைத் தரையை அரை அடி உயர்த்த வேண்டும். 72 வயதில், ஈரக்காலோடு, இரவில், அந்த ஒரு படி. நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்டோர் ரூமில் மட்டும் 8 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உடைத்து கழிவறைக்கு ஒன்று, குளியல் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய்களையும் அடியில் கொண்டுபோங்கள். மொத்தம் 12 சதுர அடி. அரிசி மூட்டைகளை இரண்டு வாரம் நகர்த்திவைத்தால் போதும்.

புதிய தொட்டி வாசலில் வரும். வாசலில் செப்டிக் டேங்கா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் கிணற்றைக் காட்டுங்கள். கேட்டிலிருந்து திண்ணை வரை 32 அடி, கிணற்றிலிருந்து திண்ணை வரை 50 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். உறிஞ்சும் பகுதியைக் கேட் பக்கத்து ஓரத்தில் வைத்தால் உங்கள் கிணற்றுக்கு 70 அடிக்கு மேல் கிடைக்கும், வீட்டிலிருந்து இருக்க வேண்டிய 6 மீட்டரும் கிடைக்கும். எதிர்வீட்டுக் கிணற்றையும் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். பத்துப் பேருக்கு, ஆண்டுக்கொருமுறை சகதி எடுப்பதாக இருந்தால், உள்ளளவு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் என்கிறது தர விதி. அடித்தளம் கட்டாயம் வேண்டும், உட்புறம் முழுவதும் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு வேண்டும். குழாய் உயரத்திலேயே வருவதால் தொட்டியின் மேற்பகுதி தரைக்கு மேலே திண்டுபோல் நிற்கும்.

ஆழமான உறிஞ்சுகுழியை மட்டும் எக்காரணத்துக்கும் தோண்டாதீர்கள். அதற்குப் பதிலாக, தரைமட்டத்திலேயே ஜல்லி நிரப்பிய மேட்டுப்பாத்தி அமைத்து, துளையிட்ட குழாயால் தொட்டி நீரைப் பரவவிட்டு, மேலே மண் மூடிக் கல்வாழை நடுங்கள். ஜல்லியின் அடிமட்டம் தரைக்கு ஓரடிக்குக் கீழே போகக் கூடாது. கார்த்திகைத் தண்ணீர் நான்கடியில் நின்றாலும் இடையே மூன்றடி மணல் வடிகட்டும். பாத்தியின் பாரத்தைக் குறைக்க, குளியல் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் தொட்டியில் விடாமல் தனிக்குழாயில் தென்னைக்குத் திருப்புங்கள். இரண்டு குழாய்களாகப் பிரிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

மற்ற யோசனைகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஆசிட் சுட்டமண்ணை ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே தளர்ந்த சிமெண்ட் மூட்டுகளைத்தான் தின்னும். மருமகன் சொல்லும் உள் உறை முறை உண்மையானது, நல்லதும்கூட. ஆனால் மணல் அடைத்து, உள்வாங்கிச் சரிந்த குழாய்க்கு அது பொருந்துவது அரிது, உறிஞ்சுகுழியின் கோளாறை அது தொடவும் செய்யாது. வாறுகால் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் சரி 2019இலும் சரி, குடியிருப்புகளின் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவதைத் தடை செய்கிறது. உங்கள் ஊருக்கு முன்னால் இருப்பது 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. அறிவிக்கைகளை விடுங்கள், அந்த வாறுகால் ஓரத்தில்தான் தெருப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள். புதுத் தொட்டி கட்டும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கடலோர விதி உங்கள் மனைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவும் சட்டமும்

நான் பொறியாளன், வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் வீடு பாகமாகும் இடங்களில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. "அவள் தரை, அவள் இஷ்டம்" என்று நீங்கள் நினைப்பது முழுச் சரியல்ல. அடுத்தவர் நிலத்தின் வழியே நமக்குள்ள பயன்பாட்டு உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில், கூட்டுச்சொத்து பிரியும்போது ஒரு பாகத்துக்குத் தேவையாக, வெளிப்படையாக, தொடர்ந்து இருந்துவந்த வசதி, பாகப்பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்தப் பாகத்தோடு போகும் என்கிறது. தெரிந்தவர் கவனமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கக்கூடிய வடிகாலை "வெளிப்படையானது" என்றே அந்தச் சட்டத்தின் எடுத்துக்காட்டு எண்ணுகிறது. 24ஆம் பிரிவு, பழுதுபார்க்க உள்ளே போகலாம், ஆனால் தோண்டிய இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாகப்பத்திரத்தில் கழிவுநீர்ப் பாதை பற்றி ஏதேனும் வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த உரிமையை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகவும் வேண்டாம். சந்து வழியில் போனால் அக்காவின் அனுமதி தேவைப்படுவது அரை நாளுக்கு மட்டும்: பழைய குழாய் அவர் சேம்பரில் வந்து சேரும் வாயை அடைக்க. இரு முனையையும் கான்கிரீட்டால் அடைக்காமல் விட்டால் அது எலிக்கும் கரப்பானுக்கும் சுரங்கப்பாதையாகிவிடும். உங்கள் பக்கம் கூடத்தில் உள்வாங்கிய மூலையை மட்டும் திறந்து, பள்ளத்தில் மணலை நீர்விட்டு இறுக்கி, மேலே மெலிந்த கலவை ஊற்றி மூடுங்கள். அக்காவிடம் பேசும்போது, அவர் சமையலறையின் அடியில் உங்கள் வீட்டுக் கழிவு கசிவது நிற்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அவருடைய தொட்டிக்கு அடித்தளம் போடும் வேலையும் இருக்கிறது, அது அவர் செலவா, இருவர் செலவா என்பதை நீங்கள் பேசித் தீர்க்க வேண்டும். கிணறு பொது என்பதை இருவரும் மறக்காதீர்கள்.

தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது

அக்காவின் தொட்டியைச் சுத்தம் செய்ய "வழக்கமாக வரும் இரண்டு பேர்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர்களை அழைக்காதீர்கள். கலங்கிய சகதியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரளவுக்கு மேல் போனால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துப்போய்விடும். முதலில் இறங்கியவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. "அவர்களே சம்மதித்துத்தான் இறங்கினார்கள்" என்பது எடுபடாது. உரிமம் பெற்ற உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள், அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். காலி செய்வதை மாசிக்குப் பிறகு வையுங்கள். நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால் வெளியே இருக்கும் தண்ணீர் பக்கச்சுவரை உள்ளே தள்ளும்.

வேலை நடக்கும்போது

குழாயில் ஐ.எஸ். 13592, டைப் பி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது, கடையில் விலை குறைவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள். திருப்பங்களில் ஒரே 90 பாகை வளைவு வேண்டாம், இரண்டு 45 பாகை வளைவுகளாகப் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்க டோர் வைத்த வளைவோ சேம்பரோ இருக்கட்டும். காற்றுக்குழாய் மொட்டைமாடிக்கு மேலே போக வேண்டும். அது இல்லாததால்தான் டிராப்பில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வருகின்றன. சந்தில் வெயில் படும் இடங்களில் குழாயைச் செங்கல் வைத்து மூடுங்கள், அல்லது வண்ணமாவது பூசுங்கள்.

மூடும் முன்பு, குழாயின் கடைசி வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மேல்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கினால் மூட்டு சரியில்லை. இதைத் தாண்டிய பிறகுதான் கடைசித் தவணைப் பணம். இந்த நிபந்தனையை முன்பணம் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், முகம் மாறுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஸ்டோர் ரூமில் கான்கிரீட் போடும் முன் குழாய்க்குப் பக்கத்தில் உங்கள் தையல் நாடாவை விரித்துவைத்துப் படம் எடுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று தாளில் குறித்து, அந்தத் தாளைப் பாகப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகலை அக்காவுக்கும் கொடுங்கள்.